படத்தில் பறை, படலைக்கு வெளியே பறைஞர்

பறையைப் படமாகத் தீட்டிச் சட்டமிட்டுச் சுவரிலே மாட்டினால், அதனைப் பார்க்க நாம் வரிசையில் நிற்போம். ஓவியரின் கையைப் பற்றிப் பாராட்டுவோம். மறுநாட் பத்திரிகையில் நம் பெயரும் வந்ததா என்று தேடுவோம். அப்பறையை அறையும் மனிதர் நம் வீட்டுப் படலையில் வந்து நின்றால், அவரை விறாந்தையில் இருத்தி, நாம் குடிக்கும் பாத்திரத்திலேயே அவருக்கும் தேநீர் கொடுப்போமா? இக்கேள்விக்குக் கோப்பாய் வாசியாகிய நான் என் வீட்டை வைத்தே விடை தேட முனைந்தேன். கிடைத்த விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

யாழ்ப்பாணத்திலே ஓவியக் காட்சிகள் இப்போது அரிதல்ல. போரின் அழிவை, இடப்பெயர்வை, காணாமற் போனோரை நம் இளம் ஓவியர்கள் துணிவோடு தீட்டுகின்றனர். அதே காலத்தில் விழா மேடைகளிலும் ஊர்வலங்களிலும் பறை முழங்குகின்றது. தமிழரின் ஆதி இசைக்கருவி என்று பேச்சாளர்கள் அதனைப் புகழ்கின்றனர். நல்லது. ஆயின் பிறர் நமக்கு இழைத்த அநீதியைச் சுவரில் எழுதுவதற்கும், நாம் நம்மவர்க்கே இழைத்த அநீதியை எழுதுவதற்கும் இடையில் ஒரு பெருவெளி கிடக்கின்றது. அவ்வெளியைக் கடந்த ஒரு கலைஞனின் கதையை முதலிற் சொல்லுகிறேன். அவன் நம் நாட்டவன் அல்லன்.

கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என்னிடம் விட்டுச்சென்ற ஓவிய நூலொன்றின் வாயிலாகவே ரோமேர் பியர்டன் என்னும் கறுப்பின அமெரிக்க ஓவியனை யான் அறிந்தேன். 1911இல் அமெரிக்காவின் தென்பகுதியாகிய வட கரோலைனாவிற் பிறந்தவன். சிறுவயதிலேயே குடும்பத்தோடு வடக்கே நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதிக்குப் பெயர்ந்தவன். டியூக் எலிங்டன் போன்ற இசைமேதைகள் வந்துபோன வீடு அவனுடையது. பின்னாளில் நகரின் சமூகநலத் துறையிற் சம்பளத்துக்கு வேலை செய்து, எஞ்சிய நேரத்திலே ஓவியந் தீட்டினான். பகலெல்லாம் ஏழைகளின் விண்ணப்பங்களைப் படித்துவிட்டு இரவிலே தூரிகை எடுப்பது எத்தகைய களைப்பு என்பதை, பகலெல்லாம் நீதிமன்றத்தில் நின்றுவிட்டு இரவிலே ஊர்க் கூட்டங்களுக்கு ஓடும் எம்போன்றோர் ஓரளவு அறிவோம்.

1963 கோடையில், வாஷிங்டன் நகரை நோக்கிய உரிமைப் பேரணிக்கு மக்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், கறுப்பின ஓவியர் சிலர் அவனுடைய அறையிற் கூடினர். நம் மக்கள் தெருவில் இறங்கும்போது ஓவியர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது என்பதே அவர்கள் முன் நின்ற வினா. அடுத்த ஆண்டு, 1964 ஒக்டோபரில், பியர்டன் ஒரு காட்சி வைத்தான். சஞ்சிகைகளிலிருந்து வெட்டிய முகங்களையும் கைகளையும் கண்களையும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு படங்களாக்கி, அவற்றை ஒளிப்படமாகப் பெருக்கிச் சுவரளவாக நிறுத்தினான். பருத்தி விளையும் தென்னகத்துக் கிராமம், ஆற்றில் ஞானஸ்நானம், புகைவண்டி, கித்தார் வாசிப்போர், ஹார்லெம் தெருவின் நெரிசல் ஆகியன அங்கே நின்றன. முழக்கம் எழுதிய பதாகை ஒன்றும் அவற்றில் இல்லை. ஆயினும் வெட்டுண்ட அம்முகங்கள் பார்ப்பவனைத் திருப்பிப் பார்த்தன.

இதில் இசை எங்கே வருகின்றது என்று கேட்பீர்கள். பியர்டன் தன் ஓவியத்தின் இலக்கணத்தையே இசையிலிருந்து கற்றவன். ஸ்டுவர்ட் டேவிஸ் என்னும் மூத்த ஓவியர், ஏர்ல் ஹைன்ஸ் என்பவரின் பியானோ இசைத்தட்டுகளைக் கேட்குமாறு அவனுக்கு அறிவுரை கூறினார். அங்கே அவன் கவனித்தது சுரங்களை மட்டுமன்று. ஒரு சுரத்துக்கும் மறு சுரத்துக்கும் இடையே வாசிப்பவர் விட்ட மௌனங்களையும் கவனித்தான். தாளத்தில் இடைவெளி எத்துணை முக்கியமோ, படத்தில் நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடமும் அத்துணை முக்கியம் என்று கண்டான். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் ஆக்கிய இசை அது. அதனை வெறும் அலங்காரமாகத் தன் படத்தில் ஒட்டாது, அதனிடமே மாணவனாய் நின்றான் என்பதே நான் இங்கு எடுத்துக்கொள்ளும் பாடம். அவன் வரைந்தது தன் சொந்தச் சனத்தை. நம்மில் பறையை வரைவோரும் புகழ்வோரும் யாருடைய சனத்தை வரைகின்றோம், யாரிடம் மாணவராய் நின்றோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழகத்துக்கு வருவோம். கர்நாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் இல்லையேல் மேடை ஏது? பலாமரத்தைக் குடைந்து, மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் போர்த்தி, எருமைத் தோல் வாரினால் இழுத்துக் கட்டிச் செய்வது அக்கருவி. வாசிப்பவரின் பெயர் உலகறியும். செய்தவரின் பெயர்? தஞ்சாவூர் செபஸ்டியன் குடும்பத்தார் போன்ற மிருதங்கம் செய்யும் தலித் கிறித்துவக் கைவினைஞர்களின் வரலாற்றைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணா நூலாக எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் மேதைமைக்கு ஈடுகொடுத்து அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து என்பவரின் பெயரை, இசை கேட்போரில் எத்தனை பேர் அதற்கு முன் அறிந்திருந்தனர்? 2020 பெப்ரவரித் தொடக்கத்தில் அந்நூலை வெளியிடச் சென்னை கலாஷேத்திராவின் மண்டபம் முன்னரே இசைவு பெற்றிருந்தது. நூலின் சில பகுதிகள் நாளேட்டில் வெளிவந்ததும், அரசியற் சாயல் உடையது என்றும் சமூக நல்லிணக்கத்துக்கு ஊறு நேரக்கூடும் என்றும் காரணங் காட்டி அவ்விசைவு மீளப் பெறப்பட்டது. விழா வேறிடத்தில், ஊடகக் கல்லூரி ஒன்றில் நடந்தது.

சட்டத்தரணி என்ற முறையில் அந்த மறுப்பை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததுண்டு. மாட்டுத் தோல் மண்டபத்துக்குள் நாள்தோறும் போகலாம். தோலைப் பதப்படுத்தியவரின் கதை போகலாகாது! நல்லிணக்கம் என்னும் சொல்லுக்கு, அநீதியைப் பற்றி அநீதிக்குள்ளானவர் பேசாதிருத்தல் என்று பொருள் கொண்டுவிட்டோமோ? சென்னையைப் பழித்துவிட்டு நாம் தப்பவும் முடியாது. இத்தகைய நல்லிணக்கத்தை நம்மூர்ப் பொதுக் கூட்டங்களிலும் நான் கண்டிருக்கிறேன். சாதி என்ற சொல் எழுந்த கணமே, இது ஒற்றுமைக்குரிய நேரம் தம்பி என்று முதியவர் ஒருவர் கையமர்த்துவார். அந்த நேரம் எப்போதுமே ஒற்றுமைக்குரியதாகத்தான் இருந்திருக்கின்றது.

அதே சென்னையில் மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாவிடின் நீதியன்று. 2018 சனவரியில் சாதியற்ற கூட்டிசைக் குழுவாகிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முறை மேடையேறிப் பறையையும் கானாவையும் மேனாட்டுக் கருவிகளையும் ஒன்றாக ஒலித்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. அவ்வாண்டின் இறுதியில் நீலம் பண்பாட்டு மையத்தார் வானம் என்னும் கலைவிழாவை நடத்தி, ஓவியத்தையும் இசையையும் நாடகத்தையும் ஒரே வளவிற் கூட்டினர். அங்கே படத்தை வரைந்தவரும் பறையை அறைந்தவரும் பிறருடைய இரக்கத்துக்குரிய பொருளாக நிற்கவில்லை. விழாவே அவர்களுடையது, அழைப்பவரும் அவர்களே. நம்மிடம் இல்லாதது இது.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் என்ற பெயருக்கே ஓர் இசைக்கலைஞனைக் காரணம் காட்டுகின்றது யாழ்ப்பாண வைபவமாலை. கண்ணிழந்த யாழ்ப்பாடி ஒருவன் அரசனைப் பாடி இந்நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்பது அக்கதை. வரலாற்றறிஞர் அதனை ஏற்பரோ மறுப்பரோ, நாம் அதனைப் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது யாழையும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றது. புறநானூற்றிலே மாங்குடி கிழார் துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் குடிகளாக எண்ணிப் போற்றுகின்றார். இவ்வளவும் ஏன்? இன்றைக்கும் நம் ஊர்ப் பேச்சில் பறைதல் என்றால் பேசுதல் என்றுதான் பொருள். என்ன பறையிறாய் என்று தோட்டத்து வரம்பில் நின்று அயலானைக் கேட்கும் கமக்காரர், தம் வாயில் அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணுவதில்லை. யாழ் வாசித்தவனுக்கு ஒரு நாட்டையே கொடுத்ததாகக் கதை சொல்லும் நாம், பறை அறைந்தவர்க்கு ஒரு பரப்புக் காணிதானும் கொடுத்தோமா?

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு மரணம். விடியற்காலையே பறைமேளம் வந்துவிட்டது. நால்வர் படலைக்கு வெளியே வேலியோரமாக நின்று அறைந்தனர். அவருள் மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். என் மாமன் மகன், இருபது தாண்டாத இளைஞன், அவரைப் பெயர் சொல்லி அழைத்தான். அவர் அவனை நயினார் என்றார். பந்தலில் இருந்தோருக்கு மூக்குப்பேணியில் கோப்பி வந்தது. வேலியோரத்துக்குச் சென்றது சிரட்டையில். அந்தச் சிரட்டையை எடுத்துச் சென்றவன் நான். பெரியவர்கள் சொன்னதைச் செய்தேன். அவர் இரு கைகளையும் ஏந்தி அதனை வாங்கியது இப்போதும் என் கண்முன் நிற்கின்றது. அப்போது எனக்கு அதில் எதுவும் பிழையாகத் தெரியவில்லை என்பதையும் மறையாது எழுதுகிறேன்.

அதற்குக் குடிமை என்று பெயர். தொழில் என்று சொல்லின், தொழிலாளி விலை பேசலாம். வரமாட்டேன் என்று சொல்லலாம். குடிமை செய்பவனுக்கு அவ்விரண்டும் இல்லை. இந்நாட்டில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. குடிமையோ வழக்காய் நின்றது. வழக்கை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஒரு பெரிய முன்னேற்றம். 1971இல் அதன் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன. கோயிலிலும் கடையிலும் சாதி சொல்லித் தடுப்பவனை அச்சட்டம் குற்றவாளியாக்கிற்று. ஆயின் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் செல்லவும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மாதக்கணக்காய்க் காத்திருக்கவும் வேண்டியிருந்ததே! சட்டம் வந்து பதினொரு ஆண்டு சென்ற பின்னர் நிகழ்ந்தது இது. அக்காலத்தில் நம் தமிழ்த் தலைமைகள் காட்டிய தயக்கத்தை, அரசியல் வேலை செய்யும் நான், பிறர் சொல்லிக் காட்டுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போராட்டத்திற் பிறந்த கலையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். என். கே. ரகுநாதன் எழுதிய கந்தன் கருணை என்னும் நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாங்கில் ஆக்கி மேடையேற்றினர். காத்தவராயன் கூத்தின் மெட்டு நம் கிராமத்து அம்மன் கோயில் வீதிகளில் விடிய விடியக் கேட்டு வளர்ந்த மெட்டு. தோட்டத்தில் துலா மிதித்தவரும் அறிவார். கந்தோரிற் பேனா பிடித்தவரும் அறிவார். மேடைப் பேச்சுக்குக் காதைப் பொத்திக்கொண்ட உயர்சாதியார் அந்த மெட்டுக்குக் காதைப் பொத்த முடியவில்லை. மெட்டு அவர்களுடையதாகவும் இருந்தது. இசையின் வலிமை யாது என்று கேட்போர்க்கு இதைவிட நல்ல சான்று நம் மண்ணில் எனக்குத் தெரியாது. கோயிற் கதவு திறக்க வேண்டும் என்ற வாதத்தைக் கோயில் வீதியின் பாட்டே சுமந்து சென்றது.

பறை அவ்வளவு எளிதன்று. போராடிய இளைஞர் பலர் பறையை மீட்க முற்படவில்லை, கைவிட முற்பட்டனர். இனி எம் பிள்ளைகள் இழவு வீட்டுப் படலையில் நிற்கமாட்டார் என்பதே அவர்களுடைய சுயமரியாதைச் சபதம். பறை அறையாமையே விடுதலையாய் இருந்த காலம் அது. இதனை அறியாமல் இன்று பண்பாட்டு ஆர்வலர் சிலர், ஐயோ, நம் தொன்மைக் கலை அழிகின்றதே, அவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள் என்று அங்கலாய்க்கின்றனர். விட்டவர்களையா கேட்பது? விடவைத்தவர்களையன்றோ கேட்டல் வேண்டும்!

சில மாதங்களுக்கு முன் காணிப் பிணக்கொன்றின் பொருட்டு ஒரு முதியவர் என்னிடம் வந்தார். முன்பு பறை அறைந்தவர். நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உடன் வந்த பேரன் சித்திரம் பயில்பவன். தன் பாட்டனார் பறையோடு நிற்பதைப் பெரிய படமாகத் தீட்டியிருந்தான். தொலைபேசியில் அதைக் காட்டினான். நல்ல படம். முகத்தின் சுருக்கங்களைவிட, கோலைப் பிடித்திருந்த விரல்களை அவன் கவனித்து எழுதியிருந்தான். அருமையாக இருக்கிறது அப்பு, பார்த்தீர்களா என்றேன். முதியவர் பார்த்தார். “நான் அதை இறக்கி வைக்க எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமே ஐயா? இவன் திருப்பி என்ரை தோளிலை மாட்டிப் போட்டான்” என்றார். பேரன் விடவில்லை. “நீங்கள் வெட்கப்பட்டதுக்குக் காரணம் பறை இல்லை, அப்பப்பா, நிற்க வைச்ச இடம். நான் உங்களை நடு மண்டபத்திலை நிற்பாட்டுறன்” என்றான். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. இருவரும் சரி என்றே தோன்றிற்று. ஆயின் அவ்வழக்கில் நான் நடுவனல்லேன், பிரதிவாதிப் பக்கத்தவன் என்ற உணர்வு மட்டும் வந்தது. அப்பு என்று நான் அழைத்ததற்கு அவர் இன்னும் ஐயா என்றே விடை கூறினார் என்பதையும் கவனித்தேன்.

இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கும் படித்த நண்பர்கள் எனக்குப் பலர். அவர்கள் திருமண விளம்பரப் பக்கத்தைப் படிப்பதில்லை போலும். வலிகாம வடக்கிலிருந்து பெயர்ந்தோர் முகாம்களில் இறுதிவரை தங்க நேர்ந்தவர்களிற் பலர் யார் என்றும் அவர்கள் கேட்டதில்லை. பணமும் உறவும் உடையோர் முன்னரே வெளியேறினர். காணி இல்லாதோர், திரும்பிச் செல்லச் சொந்த நிலம் அற்றோர், ஒடுக்கப்பட்ட மக்கள், இவர்களே பெரும்பாலும் எஞ்சினர். ஆதலால் பறைக்கு மதிப்புத் தருவது என்ற பேச்சு காணிப் பேச்சிலிருந்து பிரியமாட்டாது. பிறர் வளவின் ஓரத்தில் குடியிருப்பவர் அவ்வளவுக்காரரின் இழவுக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மறுக்கும் உரிமை இல்லாதவரின் கலையைக் கலை என்று நாம் பாராட்டுவது, கட்டி வைத்தவனின் பொறுமையைப் பாராட்டுவது போன்றதே.

தவிலைப் பாருங்கள். அதுவும் தோற்கருவியே. அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் இன்றும் நம் முதியோரின் முகம் மலரும். தமிழகத்து வித்துவான்களும் அவரை நாடினர். அக்கருவி கோயிலுக்குள் நின்றது, முன்பணம் பேசிற்று, பொன்னாடை பெற்றது. இசைவேளாளருக்கு நாம் முழு நீதி செய்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் மேடையை விட்டு இறங்கியபின் நடந்ததை அறிவர். ஆயினும் ஒரு தோலுக்கு உள்வீதியும் மறு தோலுக்கு வேலியோரமும் வகுத்தது இசையிலக்கணம் அன்று என்பதை யாரும் மறுக்க முடியாது.

கமக்கார அன்பர்களே, நீங்கள் ஒரு பெட்டி வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய், வாங்குபவன் விலையைத் தானே வைத்து, பணத்தைக் கையிற் தராமல் நிலத்தில் எறிந்தால் பொறுப்பீர்களா? நம் முற்றத்தில் அறைந்தவர்க்கு நாம் செய்தது அதுவே. ஆகவே முதலிற் கூலியைப் பேசுங்கள். வருவதும் வராமையும் அவர்கள் விருப்பம் என்பதை வாயாற் சொல்லுங்கள். வந்தவரைப் பந்தலுக்குள் இருத்துங்கள். பறை கற்பிக்க விரும்பும் சங்கங்கள், அதனை அறைந்த முதியவர்களையே ஆசிரியராக்கி, ஏனைய இசையாசிரியர்க்குத் தரும் ஊதியத்தைத் தருக. வேளாளப் பிள்ளைகளும் அவர் முன் மாணவராய் அமர்க. அவர் கற்பிக்க விரும்பாவிடின் வணக்கஞ் சொல்லித் திரும்புக.

அப்பேரன் தன் படங்களைக் காட்சிக்கு வைக்க இடம் தேடுகிறான். நகரத்து மண்டபம் ஒன்றில் வைத்தால் நாலு பேர் வருவர், படம் எடுப்பர், போவர். அவனுடைய சொந்தச் சனம் அங்கே வராது. நம் ஊரிலேயே வைக்கலாம் என்று நான் சொன்னேன். எங்கள் பகுதி வாசிகசாலை மண்டபம் இருக்கின்றது. அடுத்த நிருவாகக் கூட்டத்தில் நானே இதனை முன்மொழிய இருக்கிறேன்: மண்டபம் மூன்று நாட்களுக்கு வாடகையின்றித் தரப்படல் வேண்டும், திறந்துவைப்பவர் அம்முதியவராக இருத்தல் வேண்டும், அவர் இசைந்தால், வந்தோர் யாவர்க்கும் தேநீர் ஒரே வகைக் குவளையில். எதிர்ப்போர் இருப்பின், தம் காரணத்தை எழுத்திலே தந்து கையொப்பமிடட்டும். கூட்ட அறிக்கையில் அதனைப் பதிவு செய்விப்பேன்.